இஃப்கான்ஃபிக்: ஒரு வீட்டில் ஓய்வு பெற்று, மறு வீட்டில் உழைக்கும் கட்டளை

2014 ஜூனில் ரெட் ஹாட் நிறுவனத்தின் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வெளியானது. குறைந்தபட்ச அளவில் அதை நிறுவியவர்கள் பலர், கை பழகிப்போன ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்துத் திகைத்தார்கள். 'இஃப்கான்ஃபிக்' என்று அடித்தால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று கணினி பதில் சொன்னது! நெட்வொர்க் அட்டைக்கு முகவரி கொடுக்கவும், இருக்கும் முகவரியைப் பார்க்கவும், அட்டையை இயக்கவும், நிறுத்தவும் அதுவரை எல்லோரும் பயன்படுத்தி வந்த கட்டளை அது. 2017-ல் டெபியன் 9, 2018-ல் உபுண்டு 18.04 ஆகியவையும் அதைத் தானாக நிறுவுவதை விட்டுவிட்டன.

ஆனால் ஒரு மேக் கணினியில் முனையத்தைத் திறந்து அதே கட்டளையைத் தட்டினால் இன்றும் பதில் வரும். ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் அதுதான் இன்றும் முதன்மைக் கட்டளை. 1983-ல் பிறந்த ஒரே கட்டளை, ஒரு வீட்டில் ஓய்வு பெற்றுவிட்டது, இன்னொரு வீட்டில் இன்னும் வேலை பார்க்கிறது. 'பழையது, அதனால் போயிற்று' என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் இரண்டு இடத்திலும் அதற்கு ஒரே வயதுதான். உண்மையான காரணம், கட்டளையை யார் பராமரித்தார்கள் என்பதில் இருக்கிறது.

முகவரி கொடுக்கத் தேவையில்லாத காலம்

நெட்வொர்க் இடைமுகம் என்பது கணினியும் வலையமைப்பும் சந்திக்கும் வாசல். கம்பி செருகும் ஈதர்நெட் அட்டையும் ஒரு வாசல், வைஃபை சில்லும் ஒரு வாசல். கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் 127.0.0.1 என்ற உள்வாசலும் உண்டு. இந்த வாசல்களுக்கு எண் கொடுப்பது, திறப்பது, மூடுவது ஆகியவைதான் இடைமுக நிர்வாகம்.

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இந்த வேலையே இல்லை. 1969-ல் அந்த வலையமைப்பு தொடங்கியபோது ஒவ்வோர் இடத்திலும் 'ஐஎம்பி' என்ற தனிக் கணினி வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனம், ஹனிவெல் டிடிபி-516 என்ற கணினியை மாற்றியமைத்து அதைச் செய்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி அந்த ஐஎம்பியில் செருகப்படும். எந்த ஐஎம்பியில் எத்தனையாவது துளையில் செருகப்பட்டிருக்கிறதோ அதுவே அதன் முகவரி. முகவரி மொத்தம் 8 பிட்டுகள். 6 பிட்டுகள் ஐஎம்பியின் எண்ணுக்கு, 2 பிட்டுகள் துளையின் எண்ணுக்கு. கதவிலக்கம் வீட்டில் எழுதப்படாமல் தெருவிலேயே பொறிக்கப்பட்டிருந்த காலம் அது! கம்பியை இடம் மாற்றினால் முகவரியும் மாறிவிடும்.

1983 ஜனவரி 1-ஆம் தேதி அர்பாநெட், பழைய என்சிபி நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபிக்கு மாறியது. புதிய ஏற்பாட்டில் பல வகையான வலையமைப்புகள் ஒன்றோடொன்று இணையலாம். ஒரே கணினி ஈதர்நெட்டிலும் இருக்கலாம், அர்பாநெட்டிலும் இருக்கலாம். முகவரியைத் துளை தீர்மானிக்க முடியாது என்றாகிவிட்டது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து 'உன் முகவரி இது' என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படிச் சொல்ல ஒரு கட்டளை தேவைப்பட்டது.

பெர்க்லியில் பிறந்த கட்டளை

அந்தத் தேவையை நிறைவேற்றியது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, யுனிக்ஸில் டிசிபி/ஐபியைச் சேர்க்கும் பணிக்கு அவர்களுக்கு நிதி கொடுத்தது. பிபிஎன் நிறுவனம் முதல் நிரலை எழுதித் தந்தது. பில் ஜாய் அதைப் பெருமளவு மாற்றி எழுதி வேகப்படுத்தினார். அவர் 1982-ல் சன் நிறுவனத்துக்குப் போன பிறகு சாம் லெஃப்லரும் மற்றவர்களும் வேலையை முடித்தார்கள். 1983 ஆகஸ்டில் 4.2பிஎஸ்டி வெளியானது. சாக்கெட் என்ற நிரலாக்க முறையோடு இஃப்கான்ஃபிக்கும் அதில்தான் அறிமுகமாயிற்று. இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம் 'இஃப்', கான்ஃபிகர் என்பதன் சுருக்கம் 'கான்ஃபிக்'. பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

இடைமுகங்களின் பெயர்கள் அவற்றின் அட்டைகளைச் சொல்லின. 3காம் அட்டை 'இசி0', இன்டர்லான் அட்டை 'ஐஎல்0', உள்வாசல் 'எல்ஓ0'. ஒரு காலத்தில் வலையமைப்பின் இதயமாக இருந்த ஐஎம்பிகூட 'ஐஎம்பி0' என்ற பெயரில் பல வாசல்களில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. கட்டளையின் அமைப்பும் எளிமையானது. இடைமுகத்தின் பெயர், முகவரி, பின்னால் 'அப்' அல்லது 'டவுன்'. படித்தாலே புரியும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. யுனிக்ஸில் எல்லாமே கோப்பு என்பார்கள். வட்டு ஒரு கோப்பு, அச்சுப்பொறி ஒரு கோப்பு, முனையம் ஒரு கோப்பு. ஆனால் நெட்வொர்க் அட்டை மட்டும் கோப்பு இல்லை! சாதனங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் 'டெவ்' அடைவில் தேடினாலும் ஈதர்நெட் அட்டை கிடைக்காது. அதனோடு பேச ஒரு சாக்கெட்டைத் திறந்து, 'ஐ.ஓ.சி.டி.எல்' என்ற அழைப்பின் வழியே கெர்னலுக்கு ஒரு சின்னப் படிவத்தை அனுப்ப வேண்டும். படிவத்தில் இடைமுகத்தின் பெயருக்கு 16 எழுத்துக்கான இடம், அதற்குப் பிறகு ஒரே ஒரு மதிப்புக்கான இடம். ஒரு பெயர், ஒரு மதிப்பு, ஒரு கேள்வி, ஒரு பதில். இஃப்கான்ஃபிக் அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் எழுத்தர் மட்டுமே.

பின்னாளில் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸின் படைப்பாளிகள் உருவாக்கிய 'பிளான் 9' இயங்குதளம் இந்த விசித்திரத்தைச் சரிசெய்தது. அதில் வலையமைப்பும் 'நெட்' என்ற அடைவில் கோப்புகளாகவே தெரியும். ஆனால் அதற்குள் உலகம் பெர்க்லியின் வழியில் வெகுதூரம் போய்விட்டது.

'ஒரு வாசல், ஒரு முகவரி' என்ற அந்தப் படிவத்தின் வடிவம்தான் பின்னால் பெரிய சிக்கலுக்கு விதையானது. 1983-ல் அது குறையாகத் தெரியவில்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஒரு பிழையின் தடம்

இஃப்கான்ஃபிக் காட்டும் பதிலில் 'பிராட்காஸ்ட்' என்று ஒரு பகுதி வரும். 192.168.1.20 என்ற முகவரியுள்ள வீட்டுக் கணினியில் பெரும்பாலும் 192.168.1.255 என்று இருக்கும். 'இந்த வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும்' என்று கூவ வேண்டுமானால் இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். முகவரியில் கணினியைக் குறிக்கும் பகுதி முழுக்க 1 என்ற பிட்டுகளாக இருந்தால் அது எல்லோருக்குமான முகவரி. கணக்குப் போட்டால் வந்துவிடும் ஒன்றை மனிதர் கைப்பட மாற்றும்படி ஏன் ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள்?

4.2பிஎஸ்டி வெளிவந்தபோது இந்த விதி எழுதப்படவில்லை. பெர்க்லிக்காரர்கள் 1-க்குப் பதில் 0 பிட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கணக்கில் எல்லோருக்குமான முகவரி 0-வில் முடியும். 1984 அக்டோபரில் ஆர்எஃப்சி 919 வெளிவந்து, எல்லாம் 1 என்பதுதான் விதி என்றது. அதற்குள் 4.2பிஎஸ்டியும் அதிலிருந்து கிளைத்த நிறுவன யுனிக்ஸ்களும் பல இடங்களில் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரே கம்பியில் இரண்டு வகைக் கணினிகளும் இருந்தால் ஒன்றின் பொது அறிவிப்பு மற்றொன்றுக்குப் புரியாது. புரியாத கணினி அதை யாருக்கோ வந்த தனி அஞ்சல் என்று நினைத்து முன்னே அனுப்ப முயலும். அந்த முகவரிக்கு உரியவர் யார் என்று எல்லோரிடமும் கேட்கும். பல கணினிகள் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் கம்பி நிரம்பிவிடும்.

இதற்கு மருந்தாகத்தான் பொது அறிவிப்பு முகவரியைக் கையால் மாற்றும் வசதி வந்தது. 1985 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 950 துணை வலையமைப்புகளுக்கு விதி வகுத்ததும் 'நெட்மாஸ்க்' சேர்ந்தது. 1986-ன் 4.3பிஎஸ்டி இரண்டையும் கொண்டு வந்தது. இன்று யாரும் பொருட்படுத்தாமல் தாண்டிப்போகும் அந்தச் சொல், இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே கம்பியில் வேறுவேறு மொழியில் கூவிய காலத்தின் மிச்சம்.

பெயர் மட்டும் கடன்

1991-ல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அதற்கு நெட்வொர்க் வசதி வேண்டியிருந்தது. பெர்க்லியின் நிரல் கையருகே இருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். ஆனால் 1992-ல் யுனிக்ஸின் உரிமையாளர்கள் பிஎஸ்டி நிரல் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். வழக்கு 1994-ல் சமரசமாக முடிந்தது, அதுவரை அந்த நிரலைத் தொடுவதே ஆபத்து என்ற நிலை. அதனால் லினக்ஸ்காரர்கள் புதிதாகவே எழுதினார்கள். ராஸ் பைரோ தொடங்கி வைத்தார். ஃபிரெட் வான் கெம்பென் தொடர்ந்தார். ஆலன் காக்ஸ் பிழைகளை நீக்கி நிலைப்படுத்தினார். 1994 மார்ச் 14-ல் லினக்ஸ் 1.0 வெளியானபோது அது வலையமைப்பில் பேசக்கூடிய இயங்குதளமாக இருந்தது.

உள்ளே எல்லாம் புதிது. ஆனால் வெளியே, பயனர்களுக்குப் பழகிய பெயர்களே வைக்கப்பட்டன. இஃப்கான்ஃபிக், ரூட், ஆர்ப், நெட்ஸ்டாட் ஆகிய கட்டளைகள் 'நெட்-டூல்ஸ்' என்ற தொகுப்பில் வந்தன. யுனிக்ஸ் தெரிந்தவர் லினக்ஸில் உட்கார்ந்தால் கை தானாக ஓடும். அட்டை எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் ஈதர்நெட் என்றால் 'ஈத்0' என்று ஒரே பெயர் வைத்தது லினக்ஸின் வழக்கம்.

இங்கேதான் ஒரு பிரிவு நடந்தது. பெர்க்லியில் கெர்னலும் கட்டளைகளும் ஒரே மூல நிரல் மரத்தில் இருந்தன, ஒரே குழு இரண்டையும் எழுதியது. லினக்ஸில் கெர்னல் ஒரு திட்டம், நெட்-டூல்ஸ் இன்னொரு திட்டம். எழுதியவர்கள் வேறு, வெளியிட்ட நாள்கள் வேறு. கெர்னல் மாறினால் கட்டளையும் மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

மாஸ்கோவிலிருந்து ஒரு மாற்று

1990களில் 'ஒரு வாசல், ஒரு முகவரி' என்ற படம் உடையத் தொடங்கியது. ஒரே கணினியில் பத்து இணையதளங்களை வைக்க விரும்பியவர்கள் ஒரே அட்டைக்குப் பத்து முகவரி கேட்டார்கள். இரண்டு இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள், 'இந்த முகவரியிலிருந்து கிளம்பும் தகவல் இந்த வழியே போகட்டும், அது அந்த வழியே போகட்டும்' என்றார்கள். 1993-ல் வந்த சிஐடிஆர் முறை, ஏ, பி, சி என்ற பழைய முகவரி வகுப்புகளை ஒழித்தது. 1995 டிசம்பரில் ஐபிவி6-ன் முதல் வரையறை வந்தது, அதில் ஓர் இடைமுகத்துக்குப் பல முகவரி இருப்பது இயல்பான விஷயம்.

லினக்ஸ் முதலில் ஓர் ஒட்டு வேலை செய்தது. 'ஈத்0:0', 'ஈத்0:1' என்று பொய் இடைமுகங்களை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி கொடுத்தது. படிவத்தில் இரண்டாவது முகவரிக்கு இடமில்லை என்பதால் ஒரே ஆள் பல பெயரில் பல படிவம் நிரப்பிய கதை அது.

மாஸ்கோவின் அணுக்கரு ஆய்வு நிறுவனத்தில் இருந்த அலெக்ஸி குஸ்நெட்சோவ் வேரிலிருந்தே மாற்றினார். லினக்ஸ் 2.2 கெர்னலுக்காக வழிப்படுத்தும் பகுதியைத் திருத்தி எழுதினார். அந்தக் கெர்னல் 1999 ஜனவரியில் வெளியானது. அதனுடன் 'ஐபிரூட்2' என்ற தொகுப்பையும் அவரே தந்தார். அதன் முக்கியக் கட்டளையின் பெயர் இரண்டே எழுத்து: 'ஐபி'.

மாற்றம் பெயரில் மட்டும் இல்லை. முதலில், கெர்னலோடு பேசும் வழி மாறியது. பழைய படிவத்துக்குப் பதிலாக 'நெட்லிங்க்' என்ற செய்தி முறை வந்தது. ஒரு செய்தியில் எத்தனை விவரம் வேண்டுமானாலும் அடுக்கலாம், நாளை புதிய விவரம் வந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமாக, கெர்னல் தானாகவே செய்தி சொல்லும். கம்பி பிடுங்கப்பட்டது, முகவரி சேர்ந்தது, வழி மாறியது என்று நடக்க நடக்க அறிவிக்கும். பழைய முறையில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2003 ஜூலையில் நெட்லிங்க் ஆர்எஃப்சி 3549 ஆகவும் பதிவாயிற்று.

இரண்டாவதாக, பொருள்கள் பிரிந்தன. 'ஐபி லிங்க்' என்றால் வாசல். 'ஐபி அட்ரஸ்' என்றால் வாசலில் தொங்கும் முகவரிகள். 'ஐபி ரூட்' என்றால் வழிகள். 'ஐபி நெய்பர்' என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள். 'ஐபி ரூல்' என்றால் எந்தத் தகவலுக்கு எந்த வழிப்பட்டியல் என்ற விதி. ஒரு வாசலில் எத்தனை முகவரி வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வாசல் வேறு, முகவரி வேறு என்பதைக் கட்டளையின் இலக்கணமே சொல்லிக் கொடுத்தது.

கண்ணுக்குத் தெரியாத முகவரி

புதுக் கட்டளை வந்துவிட்டது. ஆனால் பழையதை யாரும் கைவிடவில்லை. புத்தகங்களில் இஃப்கான்ஃபிக், கல்லூரி ஆய்வகப் பயிற்சி ஏட்டில் இஃப்கான்ஃபிக், தயாராக எழுதி வைத்த ஸ்கிரிப்டுகளில் இஃப்கான்ஃபிக். நெட்-டூல்ஸ் தொகுப்போ 2001-ல் 1.60 பதிப்போடு பல ஆண்டுகள் நின்றுவிட்டது. கெர்னல் ஓடிக்கொண்டே இருந்தது, கட்டளை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

பழைய கருவியைப் பயன்படுத்தினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு சின்னச் சோதனை போதும். லினக்ஸில் 'ஐபி அட்ரஸ் ஆட்' மூலம் ஒரு வாசலுக்கு இரண்டாவது முகவரியைச் சேர்க்கவும், 'ஈத்0:1' போன்ற பட்டப்பெயர் எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு இஃப்கான்ஃபிக்கைத் தட்டவும். முதல் முகவரி மட்டும் தெரியும். இரண்டாவது முகவரி வேலை செய்யும், வெளியிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்லும், ஆனால் பட்டியலில் இருக்காது!

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று அதன் முகவரியை எடுத்துக்கொள்ள 'கீப்அலைவ்டி' போன்ற மென்பொருள்கள் உண்டு. அவை பொது முகவரியை நெட்லிங்க் வழியாகச் சேர்க்கும். எந்த சர்வரில் அந்த முகவரி இருக்கிறது என்று பார்க்க நிர்வாகி இஃப்கான்ஃபிக்கைத் தட்டினால் இரண்டிலுமே இல்லை என்று தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கைவைத்தால், அப்போதுதான் உண்மையான பழுது வரும். ஒரே முகவரியை இரண்டு கணினிகள் வைத்துக்கொண்டு சண்டை போடும்போதும் இதே கதைதான். குற்றவாளி கணினியிலேயே உட்கார்ந்து பார்த்தாலும் குற்றம் தெரியாது.

ஒரு கருவி 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் வேறு கருவியைத் தேடலாம். தெரியாததைச் சொல்லாமல், தெரிந்ததை மட்டும் முழு உண்மை போலக் காட்டினால் யாரும் தேட மாட்டார்கள். லினக்ஸில் பழைய இஃப்கான்ஃபிக்கின் ஆபத்து அதுதான்.

2009-ல் டெபியன் உருவாக்குநர்கள் நெட்-டூல்ஸின் எதிர்காலத்தை விவாதித்தார்கள். ஆர்ச் லினக்ஸ் 2011-ல் அதைக் கைவிட்டது. பிறகுதான் ரெட் ஹாட், டெபியன், உபுண்டு என்று வரிசையாக வந்தன. 1999-ல் மாற்று வந்தும், பழையது வாசலுக்கு வெளியே போக 15 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறு வீட்டில் நடந்தது

பிஎஸ்டி குடும்பத்துக்கும் இதே தேவைகள் வந்தன. அவர்கள் கட்டளையை மாற்றவில்லை, கட்டளைக்குள்ளேயே சேர்த்தார்கள். ஒரே இடைமுகத்துக்குக் கூடுதல் முகவரி கொடுக்க இஃப்கான்ஃபிக்கிலேயே 'அலையஸ்' என்ற சொல் வந்தது. சேர்த்த முகவரிகள் எல்லாமே பட்டியலில் தெரியும். வழி மாற்றங்களைக் கெர்னல் தானாக அறிவிக்கும் 'ரூட்டிங் சாக்கெட்' 1990-ன் 4.3பிஎஸ்டி-ரெனோவிலேயே வந்துவிட்டது.

ஐபிவி6 வந்தபோது ஜப்பானில் 1998-ல் 'காமே' திட்டம் தொடங்கியது. ஃபுஜிசாவா நகரில் கரிகோமே என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்த சுருக்கம் அது, ஜப்பானிய மொழியில் ஆமை என்றும் பொருள். அவர்களுடைய தளத்துக்கு ஐபிவி6 வழியாக வருபவர்களுக்கு மட்டும் அந்த ஆமை ஆடிக் காட்டும்! 2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி 4.0 வெளியானபோது காமேயின் நிரல் அதில் இருந்தது. ஐபிவி6 முகவரி கொடுக்கவும் அதே இஃப்கான்ஃபிக்தான். வயர்லெஸ் வந்தபோதும் அதே. 1983-ல் 4.2பிஎஸ்டி குழுவில் இருந்த சாம் லெஃப்லர், 20 ஆண்டுகளுக்குப் பிறகு ஃப்ரீபிஎஸ்டியின் வயர்லெஸ் பகுதியை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தார். ஓப்பன்பிஎஸ்டி 2020 அக்டோபரில் தன் 6.8 பதிப்பில் வயர்கார்டு என்ற மறைகுறியாக்கச் சுரங்கத்தைச் சேர்த்தது. அதை அமைக்கவும் அவர்களிடம் தனிக் கட்டளை கிடையாது, இஃப்கான்ஃபிக்கே போதும்.

லினக்ஸில் அதே காலத்தில் வயர்லெஸ்ஸுக்கு ஒரு கட்டளை, பிரிட்ஜுக்கு ஒன்று, விலானுக்கு ஒன்று, அட்டையின் வேகத்துக்கு இன்னொன்று என்று தனித்தனியாகக் கிளைத்தன. திறமைக் குறைவால் வந்த வித்தியாசம் இல்லை இது. பிஎஸ்டியில் கெர்னலுக்குப் புது வசதி எழுதுபவர் கட்டளையையும் அதே மரத்தில் அதே வாரத்தில் திருத்திவிட முடியும். லினக்ஸில் அப்படி முடியவில்லை. ஐபிரூட்2 வென்றதன் ரகசியமும் அதுவே. கெர்னலின் நெட்வொர்க் பகுதியை எழுதுபவர்களே அதையும் எழுதினார்கள். ஸ்டீஃபன் ஹெமிங்கர் பொறுப்பேற்ற பிறகு கெர்னலின் ஒவ்வொரு பதிப்போடும் ஐபிரூட்2-வும் வெளிவரும் வழக்கம் நிலைபெற்றது. பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணே கெர்னலின் பதிப்பு எண்தான்.

பெயர் மாறினால் கதவு மாறும்

கட்டளை ஒருபுறம் இருக்க, இடைமுகத்தின் பெயரும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. இரண்டு அட்டை உள்ள சர்வரில் எது ஈத்0, எது ஈத்1? லினக்ஸில் கெர்னல் எதை முதலில் கண்டுபிடிக்கிறதோ அது ஈத்0. மறுமுறை இயக்கும்போது வரிசை மாறினால் பெயரும் மாறலாம். 'ஈத்0 வெளியுலகம், ஈத்1 அலுவலகம்' என்று நம்பி எழுதிய ஃபயர்வால் விதிகள் அப்போது தலைகீழாகிவிடும். பூட்டு ஒரு கதவிலும் காவல்காரர் இன்னொரு கதவிலும் நிற்பார்கள்.

இதற்காக 2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197 புதிய பெயர் முறையைக் கொண்டு வந்தது. அட்டை எந்தப் பேருந்துத் தடத்தில், எந்தத் துளையில் இருக்கிறது என்பதை வைத்து 'இஎன்பி3எஸ்0' போன்ற பெயர். வாயில் நுழையாத பெயர் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அட்டை இடம் மாறாதவரை பெயரும் மாறாது. கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். துளையை வைத்து அடையாளம் சொல்லும் அர்பாநெட்டின் பழைய யோசனைதான் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது!

அடிமரத்தை வெட்டும் கட்டளை

பழைய கட்டளைக்கும் புதிய கட்டளைக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இரண்டும் சொன்னதை உடனே செய்யும், 'நிச்சயமா?' என்று கேட்காது. தொலைவில் உள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, நுழைந்த அதே வாசலுக்கு 'டவுன்' என்று சொன்னால் அது மூடிவிடும். மறுபடி 'அப்' என்று சொல்ல வழி இருக்காது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுவது என்பார்களே, அதுதான்.

காப்பாற்றுவதும் இவற்றின் இன்னொரு குணமே. இந்தக் கட்டளைகள் செய்யும் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் மட்டும் நிற்கும். நிரந்தரமாக்க வேண்டுமானால் தனியே ஓர் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். அதனால் அனுபவசாலிகள் ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'பத்து நிமிடத்தில் மறுதொடக்கம் செய்' என்று ஒரு கட்டளையைக் கொடுத்து வைப்பார்கள். எல்லாம் சரியாகப் போனால் அதை ரத்து செய்யலாம். மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் பழைய நிலை திரும்பிவிடும். ஜூனிப்பர் ரூட்டர்களில் இதையே ஒரு வசதியாக வைத்திருக்கிறார்கள். உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிடத்தில் மாற்றம் தானாகத் திரும்பப் பெறப்படும்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கில்லை. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் ஆகியவை சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது, முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடக் கொடுத்த ஒரு கட்டளை அதன் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது என்று நிறுவனமே விளக்கியது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லாமல் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கே நேரில் போக வேண்டியதாயிற்று. அளவு வேறு, மரமும் கிளையும் அதேதான்.

இன்றைய நிலை

2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24 கெர்னலில் நெட்வொர்க் பெயர்வெளிகள் நுழைந்தன. ஒரே கணினிக்குள் பல தனித்தனி வலையமைப்பு உலகங்கள், ஒவ்வொன்றுக்கும் தன் வாசல், தன் முகவரி, தன் வழி. 2013-ல் டாக்கர் வந்து கன்டெய்னர்களைப் பரப்பியதும், ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான மெய்நிகர் வாசல்கள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. 1983-ன் படிவம் கற்பனைகூடச் செய்திருக்க முடியாத உலகம் இது. 'ஐபி நெட்என்எஸ்' என்று இதற்கும் ஒரு துணைக்கட்டளை உண்டு. கெர்னலில் புதிதாக எது வந்தாலும் 'ஐபி' கட்டளையும் சேர்ந்து வளர்கிறது.

நெட்-டூல்ஸ் முற்றிலும் சாகவில்லை. பிறகு புதிய பதிப்புகளும் வந்தன, தேவைப்படுபவர்கள் இன்றும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் லினக்ஸில் கற்றுக்கொள்ளத் தொடங்கும் மாணவர் 'ஐபி' கட்டளையிலிருந்தே தொடங்குவதுதான் நல்லது. பதில் கரடுமுரடாக வருகிறது என்று தயங்குபவர்களுக்கு, 'பிஆர்' என்ற சுருக்கத் தெரிவைச் சேர்த்தால் ஒரு வாசலுக்கு ஒரே வரி மட்டும் வரும். மேக்கிலோ பிஎஸ்டியிலோ இருப்பவர் இஃப்கான்ஃபிக்கைத் தயங்காமல் நம்பலாம்.

கடைசியாக ஒரு திருப்பம். 2023 நவம்பரில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 14.0, லினக்ஸில் பிறந்த நெட்லிங்க் முறையைத் தன் கெர்னலில் சேர்த்துக்கொண்டது. அங்கே இஃப்கான்ஃபிக் அதையும் பயன்படுத்துகிறது. லினக்ஸ் பெர்க்லியிடமிருந்து பெயரைக் கடன் வாங்கி உள்ளே வேறாக எழுதியது. 30 ஆண்டுகள் கழித்து பெர்க்லியின் வாரிசு, பெயரை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸின் உள்ளமைப்பைக் கடன் வாங்கியிருக்கிறது. 40 வயதான ஒரு கட்டளை அங்கே உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு முறை கெர்னல் மாறியபோதும் யாரோ ஒருவர் அதையும் எடுத்துத் திருத்தி வைத்ததுதான்.